போல்டரில் சைக்கிள்: சமதரையை நம்பிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

நெதர்லாந்தில் சைக்கிள் சுற்றுலா என்றதும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அங்கே ஏற்றமே கிடையாதே!" உண்மைதான். ஏரியையும் கடலையும் சுற்றிக் கரை கட்டி, உள்ளே இருந்த நீரை இறைத்து வெளியேற்றி மீட்ட நிலம்தான் போல்டர். ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே உள்ள பேம்ஸ்டர், 1612-இல் காற்றாலைகளைக் கொண்டு வற்றவைத்த ஏரி. இன்றும் கடல் மட்டத்துக்குச் சுமார் மூன்றரை மீட்டர் கீழே கிடக்கிறது. ஃபிளேவோலாந்து மாநிலம் ஏறக்குறைய முழுவதுமே இருபதாம் நூற்றாண்டில் நீருக்கடியிலிருந்து எடுத்த மண். ஏரியின் அடித்தரையில் மேடு எங்கிருந்து வரும்?

இதை நம்பி நாளொன்றுக்கு 120 கிலோமீட்டர் என்று திட்டம் போடுவதுதான் முதல் தவறு. மற்ற பல தவறுகள் இதன் வயிற்றில் பிறந்தவை.

மலை இல்லாத இடத்தில் மலையின் வேலையைக் காற்று செய்கிறது. மலையேற்றத்துக்கு உச்சி என்று ஒன்று உண்டு. அதைத் தாண்டினால் இறக்கம் வரும். எதிர்காற்றுக்கு உச்சியே இல்லை. கணக்கு எளிது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று வீசும்போது நீங்கள் 18 கிலோமீட்டர் வேகத்தில் போனால், உங்கள் மார்பில் மோதும் காற்றின் வேகம் 38. காற்றே இல்லாத நாளில் 38 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால்தான் அவ்வளவு காற்று முகத்தில் அறையும். வானிலை அறிக்கையில் 'காற்று 4' என்று போட்டிருந்தால் நம் ஆட்கள் பொருட்படுத்துவதில்லை. காற்றின் வலிமையை எண்ணால் குறிக்கும் போஃபர்ட் அளவில் 4 என்பது மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர் வரை. 5 என்றால் 29 முதல் 38 வரை. மரமோ வீடோ மறைக்காத வெளியில், பெட்டிகள் தொங்கும் சைக்கிளோடு 5-ஆம் எண் காற்றை எதிர்த்து ஒரு பிற்பகல் முழுக்க மிதித்தால் தொடை சொல்லும் கதையே வேறு.

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. வரைபடத்தைப் பார்க்கும்போது மட்டும் மறந்துவிடுகிறது. டச்சுக்காரர்கள் மறப்பதில்லை. எதிர்காற்று சைக்கிள் ஓட்டத்துக்கென்றே தேசியப் போட்டி நடத்துகிறவர்கள் அவர்கள். தெற்கே ஊஸ்டர்ஸ்கெல்டே கடல்தடுப்பின் மேல், புயல் காற்று வீசும் நாளாகப் பார்த்து, கியர் இல்லாத நிமிர்ந்த சைக்கிள்களில் எட்டரை கிலோமீட்டர் ஓட்டுகிறார்கள். வேடிக்கைதான். ஆனால் அந்த நாட்டில் எதை மலையாக மதிக்கிறார்கள் என்பது அதில் தெரிந்துவிடுகிறது.

ஆகவே, போகும் ஊரை முதலில் முடிவு செய்துவிட்டுக் காற்றைப் பிறகு பார்ப்பது தலைகீழான வேலை. முந்தைய நாள் மாலை காற்றின் திசையைப் பாருங்கள். பாதையை அதன்படி அமையுங்கள். பெரும்பாலும் தென்மேற்கிலிருந்துதான் வீசும். அப்படிப்பட்ட நாளில் ரயிலேறித் தென்மேற்கு முனைக்குப் போய் இறங்கி, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வடகிழக்காகத் திரும்பி வருவதில் எந்த வெட்கமும் இல்லை. வசந்த காலத்தில் வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ நாள் கணக்கில் வீசுவதும் உண்டு என்பதால் மனப்பாடம் உதவாது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் வட்டப் பயணம் என்றால், எதிர்காற்றுப் பகுதியைக் காலையில் முடித்துவிடுங்கள். காற்று பொதுவாகக் காலையில் தணிந்தும் பிற்பகலில் வலுத்தும் இருக்கும்.

இதில் கடுமையான சோதனை நீண்ட அணைக்கரைகள். என்க்ஹவுசனையும் லேலிஸ்டாட்டையும் இணைக்கும் ஹவுட்ரிப்டைக் இருபத்தைந்து கிலோமீட்டருக்கும் மேல் நீளும். இருபுறமும் நீர். வழியில் சின்னத் துறைமுகம் ஒன்று உண்டு, ஊர் கிடையாது. பாதியில் காற்று மாறினாலும் மழை பிடித்தாலும் ஒதுங்க இடமில்லை. மழைமேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று காட்டும் 'பாயன்ராடார்' செயலியைப் பார்க்காமல் அந்தக் கரையில் ஏறாதீர்கள்.

சமதரையின் இன்னொரு ஏமாற்று இருக்கையில் தெரியும். ஏற்ற இறக்கமுள்ள சாலையில் உடம்பு தானாகவே இடம் மாறும்: ஏறும்போது எழுந்து மிதிப்போம், இறங்கும்போது மிதிப்பதை நிறுத்துவோம். போல்டரில் இரண்டும் இல்லை. ஒரே அமர்வு, ஒரே பிடி, ஓயாத மிதி. இரண்டு மணி நேரத்தில் உள்ளங்கை மரத்துப்போகும்; இடுப்புக்குக் கீழே எரியத் தொடங்கும். வலி வரும்வரை காத்திருக்காமல், சில நிமிடங்களுக்கு ஒருமுறை எழுந்து நின்று மிதியுங்கள்; கைப்பிடியில் கையின் இடத்தை மாற்றுங்கள். வழக்கமான பயணிக்கு அறுபது, எழுபது கிலோமீட்டர் தாராளமான நாள் என்பேன்.

'டச்சு நாட்டில் டச்சு சைக்கிள்' என்ற ஆசையில், கியர் இல்லாத கனமான நகரச் சைக்கிளை வாடகைக்கு எடுப்பவர்கள் உண்டு. புகைப்படத்துக்கு அழகு. ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்து மிதிக்கும்போது உடம்பே பாய்மரமாகிவிடுகிறது. அதைவிட முக்கியம், அவற்றில் பல பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிரேக் பிடிப்பவை. நின்று கிளம்பும்போது பெடலைப் பின்னால் சுழற்றி வசதியான உயரத்துக்குக் கொண்டுவருவது நமக்குப் பழக்கம். இங்கே அப்படிச் சுழற்ற முயன்றால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஒரு கால் தரையிலும் ஒரு கால் பெடலிலுமாகத் திணறுவோம். கியரும் கைப்பிரேக்கும் உள்ள சுற்றுலாச் சைக்கிள் வேண்டும் என்று கடையில் தெளிவாகக் கேளுங்கள்.

வழி கண்டுபிடிக்க எண்ணிட்ட சந்திப்புகளின் வலையமைப்பு இருக்கிறது. பெல்ஜியத்தின் லிம்பர்க் பகுதியில் ஹியூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளர் உருவாக்கிய முறை இது. 1990-களில் அங்கே தொடங்கி நெதர்லாந்து முழுக்கப் பரவியது. போக வேண்டிய எண்களை வரிசையாகத் தாளில் எழுதிக் கைப்பிடியில் ஒட்டிக்கொண்டால் போதும். என்றாலும் இதில் இரண்டு இடங்களில் ஏமாறுகிறார்கள். 34-க்கு அடுத்து 35 வரும் என்று எதிர்பார்ப்பது ஒன்று. எண்களில் அப்படி வரிசை கிடையாது. 34-இலிருந்து 71-க்கும் 8-க்கும் பாதை பிரியலாம். எண்கள் 99-ஐத் தாண்டாததால் அதே 34 வேறொரு வட்டாரத்திலும் இருக்கும் என்பது இன்னொன்று. செயலியில் எண்ணை மட்டும் தேடினால் வேறெங்கோ இழுத்துக்கொண்டு போய்விடும். பேம்ஸ்டர் போன்ற இடத்தில் சாலைகள் நேர்கோடுகளாக ஓடி ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டுகின்றன. ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால், அடுத்தது கிலோமீட்டர் தாண்டித்தான் வரும். ஓட்டிக்கொண்டே கைபேசியைக் கையில் எடுத்துப் பார்ப்பது 2019 ஜூலை 1 முதல் அபராதத்துக்குரிய குற்றம். நிறுத்திப் பாருங்கள், அல்லது தாங்கியில் பொருத்திவிடுங்கள்.

வாகனமில்லாப் பாதை என்ற பெயரை அப்படியே நம்பிவிட வேண்டாம். நீலநிற வட்டப் பலகையில் சைக்கிள் மட்டும் இருந்தால் அது சைக்கிள் பாதை. சைக்கிளோடு மொபெட்டும் வரைந்திருந்தால் மொபெட்டுகளும் வரும். சைக்கிள் மட்டும் என்ற பாதையிலும் 25 கிலோமீட்டர் வேக இலகு மொபெட்டுகள் வருவதுண்டு. பந்தய சைக்கிள்காரர்களின் கூட்டம் பின்னாலிருந்து மணியடித்துக்கொண்டு வந்து கடந்து போகும். படம் எடுக்க வேண்டுமென்றால் பாதையை விட்டு இறங்கி நில்லுங்கள்.

நம் ஊரிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போகிறவர்களுக்கென்றே ஓர் ஆபத்து உண்டு. அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நகரத்து நெரிசலில் இது மறக்காது. மற்றவர்களைப் பார்த்துச் சேர்ந்து போய்விடுவோம். எதிரில் ஆளே இல்லாத போல்டர் சந்திப்பில் திரும்பும்போதுதான் கை தானாக இடப்பக்கம் ஒடிக்கும். அடுத்த நிமிடம் எதிரே டிராக்டர் வரும். தரையில் வரைந்த வெள்ளை முக்கோணங்களின் கூர்முனை உங்களைப் பார்த்திருந்தால் வழிவிட வேண்டியவர் நீங்கள். குறியே இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு முன்னுரிமை.

டிராக்டர் வருகிறதே என்று பதறி ஓரத்துக்கு ஒதுங்குவதும் தவறு. பல போல்டர் சாலைகளின் விளிம்பில் நடுவே ஓட்டை வைத்த கான்கிரீட் கற்கள் பதித்திருப்பார்கள். ஓட்டைகளில் புல் முளைத்திருக்கும். மெல்லிய டயர் அதில் இறங்கினால் கைப்பிடி துள்ளும். அதை அடுத்து வாய்க்கால். கோடையில் நீர்ப்பாசி மூடி, புல்தரை என்றே கண்ணுக்குப் படும். வேகத்தைக் குறைத்துத் தாரின் விளிம்பிலேயே நேராகப் போங்கள். மிகவும் குறுகிய இடமானால் நின்றுவிடுங்கள். இலையுதிர் காலத்தில் உருளைக்கிழங்கும், சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கும் அறுவடையாகும்போது டிராக்டர் சக்கரங்கள் வயல் களிமண்ணைச் சாலையில் கொண்டுவந்து கொட்டும். மழைத் தூறலோடு அது சேர்ந்தால் வளைவில் பிரேக் பிடிக்காமல் இருப்பதே நல்லது.

சாப்பாட்டு விஷயத்தில் சுருக்கமாகச் சொன்னால், ஞாயிற்றுக்கிழமையை நம்பாதீர்கள். முன்பு தீவாக இருந்து நிலத்தோடு சேர்ந்துவிட்ட உர்க் போன்ற சமயப் பற்று மிகுந்த ஊர்களில் அன்று கடை திறக்காது. சனிக்கிழமையே ரொட்டியும் பழமும் வாங்கிப் பையில் போடுங்கள். அதே வட்டாரத்தில் ஸ்கோக்லாந்தைத் தவறவிடாதீர்கள்: 1859-இல் மக்களை வெளியேற்றிய தீவு, 1942-இல் சுற்றியிருந்த நீர் வற்றியதும் வயல்களுக்கு நடுவே நின்றுபோனது. உருளைக்கிழங்குச் செடிகளுக்குப் பக்கத்தில் பழைய துறைமுகத்தைப் பார்ப்பது, எனக்குக் கிண்டர்டைக்கின் பத்தொன்பது காற்றாலைகளைக் கூட்டத்தோடு பார்ப்பதைவிட மேல்.

கால்வாய்களைக் கடக்கும் சிறு படகுகளை வரைபடத்தில் கோடாகப் பார்த்து, பாலம்போல் எண்ணிவிடுகிறார்கள். பல படகுகள் கோடையில் மட்டும், அதிலும் சில கிழமைகளில் மட்டும் ஓடும். நேரத்தை முந்தைய நாளே பாருங்கள். இல்லையென்றால் அடுத்த பாலத்துக்காகப் பதினைந்து கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும். திரும்பும் ரயிலும் அப்படித்தான்: சைக்கிளுக்குத் தனி டிக்கெட் வேண்டும், வார நாட்களின் காலை, மாலை நெரிசல் நேரங்களில் பொதுவாக ஏற்ற விடமாட்டார்கள். மடக்கு சைக்கிளை மடித்துவிட்டால் கட்டணமும் இல்லை, நேரக் கட்டுப்பாடும் இல்லை.