பேய் எந்த மொழியில் பேசுகிறது: ஒரே கதையை இரண்டு மொழியில் பார்க்க என் வழி

மலையாளப் படம் ஒன்றைத் தமிழில் மறுபடி எடுத்திருந்தால், முதலில் மலையாளத்தைப் பாருங்கள், பிறகு தமிழை. நடுவில் ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். ஒரே நாளில் இரண்டையும் பார்த்தால், விடைத்தாள் திருத்துகிற வாத்தியாரைப் போல இங்கே அரை மார்க், அங்கே ஒரு மார்க் என்று கூட்டிக் கழித்துக்கொண்டிருப்போமே தவிர, படம் பார்த்திருக்க மாட்டோம்.

நான் எலுமிச்சை வியாபாரி. புளியங்குடிச் சந்தையில் சரக்கு எடுத்து, செங்கோட்டை, புளியரை வழியாக மலையேறி, ஆரியங்காவு, தென்மலை தாண்டிப் புனலூரில் இறக்குவது முப்பது வருடத்துக்கு மேலாக என் பிழைப்பு. காலையிலேயே மூட்டை இறங்கிவிடும். பணம் கைக்கு வர மாலை ஐந்து மணி ஆகும். நடுவில் கிடக்கிற பொழுதுக்கு மேட்னி ஷோவை விட்டால் எனக்கு வேறு கதி இல்லை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் எலுமிச்சை வாசனை கையை விட்டுப் போகாது. பக்கத்து இருக்கைக்காரர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "பாண்டி லோரியா?" என்பார். தமிழ்நாட்டு லாரிக்கு அங்கே அதுதான் பெயர். குரலைப் பொறுத்து அது வசவாகவும் இருக்கும், குசலம் விசாரிப்பாகவும் இருக்கும்.

சப்டைட்டில் இருந்தால் அணைத்துவிடுங்கள். கொஞ்சம் பழகிவிட்டால் தமிழ்க் காதுக்கு மலையாளம் முக்கால்வாசி பிடிபட்டுவிடும். தெரியாத சொல்லால் பெரிய மோசம் இல்லை. தெரிந்ததுபோல் வந்து உட்காரும் சொல்தான் காலை வாரும். 2024 ஆகஸ்டில் 'மணிச்சித்ரத்தாழ்' என்ற பழைய மலையாளப் படம் புதுப்பிக்கப்பட்டு மறுபடி திரைக்கு வந்தபோது, மதுரையிலிருந்து வந்திருந்த அக்காள் மகனைக் கூட்டிப் போனேன். வசனத்துக்கு வசனம் அவன் அர்த்தம் கேட்டுக்கொண்டிருந்தான். பின்வரிசைப் பெரியவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சம்சாரிக்கல்லே" என்று அதட்டினார். இவன் என் காதருகே குனிந்து, "யாருடைய சம்சாரம் மாமா?" என்று கேட்டான். இடைவேளையில் கேண்டீன்காரர் வெள்ளம் வேண்டுமா என்றதும் குனிந்து தரையைப் பார்த்தான். ஆகவே சம்சாரம் என்றால் பேச்சு, வெள்ளம் என்றால் தண்ணீர், பட்டி என்றால் நாய், சங்கடம் என்றால் துக்கம். இந்த நான்கை மனத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். மற்றவை தானாக வரும்.

அடுத்து, கடிகாரம். கதாநாயகன் எப்போது உள்ளே வருகிறான் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 'மணிச்சித்ரத்தாழ்' படத்தில் அந்த வீடு, பூட்டிய அறை, உறவுக்காரர்களின் பயம் எல்லாம் நமக்குப் பழகிய பிறகுதான் மனநல வைத்தியராக மோகன்லால் வந்து சேருகிறார். 2005இல் பி. வாசு அதே கதையைச் 'சந்திரமுகி'யாக எடுத்தபோது ரஜினிகாந்த் ஆரம்பத்திலேயே சண்டையும் பாட்டுமாக வந்துவிடுகிறார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ரஜினி படத்துக்கு டிக்கெட் வாங்கியவனை ஒரு மணி நேரம் காக்கவைத்தால் நாற்காலி மிஞ்சுமா? ஆனால் முதலாவது படம் வீட்டைப் பற்றியது, இரண்டாவது வைத்தியரைப் பற்றியது என்று அந்தக் கடிகாரம் சொல்லிவிடும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது பேயைப் பற்றி. ஃபாசில் இயக்கிய மலையாளப் படம் 1993 டிசம்பரில் வந்தது. அடுத்த மாதம் புனலூரில் பார்த்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது. கங்காவாக வரும் ஷோபனா கணவன் முன்னால் உருமாறிக் கட்டிலைத் தூக்குகிற காட்சி. அதுவரை மலையாளம் பேசியவள் வாயிலிருந்து தமிழ் வருகிறது. அவள் மேல் வந்திருக்கும் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நாட்டியக்காரி அல்லவா? அரங்கமே உறைந்துபோயிருந்தது. முன்வரிசைப் பெண் ஒருத்தி முந்தானையால் குழந்தையின் கண்ணை மூடினாள். எனக்கு மட்டும் பயம் வரவில்லை. ஊர் விட்டு ஊர் கொண்டுவந்து, காதலித்தவனைப் பிரித்து, கொன்றும் போட்டார்கள் என்று ஒரு பெண் என் பாஷையில் முறையிடுகிறாள். இதில் பயப்பட என்ன இருக்கிறது? உச்சக்கட்டப் பாட்டின் தமிழ் வரிகள் வாலி எழுதியவை. அவை வந்தபோது தொண்டை அடைத்தது. ஷோபனாவுக்கு அந்த வேடத்துக்குத் தேசிய விருது கிடைத்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

'சந்திரமுகி'யைச் செங்கோட்டைப் பக்கம் பார்த்தேன். ஜோதிகா கண்ணை உருட்டிக்கொண்டு தெலுங்கில் பேச ஆரம்பித்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு வார்த்தை புரியவில்லை. புனலூர்க்காரர்கள் அன்று எதற்கு உறைந்தார்கள் என்பது பதினோரு வருடம் கழித்துத்தான் விளங்கியது. இதே கதையை வைத்து 2004இல் வந்த கன்னடப் படத்திலும் பேய்க்குத் தெலுங்குதான். 2007இன் இந்திப் படத்தில் வங்காளி. எந்த ஊரிலும் பேயை அந்த ஊர்ப் பாஷையில் பேசவிடவில்லை, கவனித்தீர்களா? எந்த மறுஆக்கத்தைப் பார்த்தாலும் வெளியூர்க்காரன் யார், அவனுக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நம் படங்களில் மலையாளி என்றால் டீக்கடை நாயர். அவர்கள் படங்களில் தமிழன் நெடுங்காலம் வட்டிக்காரனாகவோ மூட்டை தூக்குபவனாகவோ வந்து போனான். நானே மூட்டைக்காரன் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

அந்தச் சச்சரவு இல்லாத ஜோடி வேண்டுமென்றால் 'த்ரிஷ்யம்' (2013), 'பாபநாசம்' (2015). இரண்டுக்கும் இயக்குநர் ஜீத்து ஜோசப்தான். அங்கே இடுக்கி மலை, இங்கே நெல்லை. இப்படி ஒரே கை எடுத்த ஜோடியில், மாறாமல் இருக்கும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். போலீஸ் அதிகாரியான தாயாக இரண்டிலும் நடித்தவர் ஆஷா சரத். கடைசியில் மகனைத் தேடி அலையும் அந்தத் தாய் தகப்பன் முன்னால் கதாநாயகன் நிற்கிற காட்சியை மட்டும் திரும்ப ஓட்டிப் பாருங்கள். மோகன்லால் எவ்வளவு அடக்குகிறார், கமல்ஹாசன் எவ்வளவு உடைகிறார் என்று அந்த அம்மாளின் முகத்தை வைத்து அளந்துவிடலாம். எனக்கு மோகன்லால். என் மனைவிக்குக் கமல்; நம் பக்கத்து ஆள் அப்படித்தான் அழுவான், அதில் என்ன குறை என்பாள். பல வருடமாக இந்த வழக்கு தீரவில்லை.

இவ்வளவும் பழகிய பிறகு 'நண்பகல் நேரத்து மயக்கம்' என்ற மலையாளப் படத்தைப் போட்டுப் பாருங்கள். இது மறுஆக்கம் இல்லை. வேளாங்கண்ணி போய்த் திரும்பும் மலையாளி ஜேம்ஸ், வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் நடந்து சுந்தரமாகிவிடுகிறான். மம்மூட்டி தமிழ் பேசுகிறார். உடன் வந்தவர்கள் திகைத்து நிற்கிறார்கள். இந்த முறை புரியாமல் முழிப்பது அவர்கள். படம் முழுக்கப் பின்னால் எங்கிருந்தோ பழைய தமிழ்ப் படங்களின் வசனமும் பாட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்காகவே ஒலியைக் கூட்டி வையுங்கள். எங்கள் வீட்டில் கதையை நான்தான் பார்த்தேன். மனைவி கீரை ஆய்ந்துகொண்டே, பின்னால் ஓடுகிற வசனம் ஒவ்வொன்றும் எந்தப் படம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.