கோல்ஃப் குழுவின் ஒருநாள் ஆட்டம்: மைதானம் தேர்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைதானம் தேடும் பொறுப்பு பெரும்பாலும் குழுவிலேயே நன்றாக ஆடுபவர் தலையில்தான் விழும். நாலு இடங்களில் ஆடிய அனுபவம் அவருக்குத்தான் இருக்கும், ஆர்வமும் இருக்கும். முதல் தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. அவர் தன்னை அறியாமலே தனக்குப் பிடித்த மைதானத்தைத் தேடுவார். ஹேண்டிகேப் (ஆட்டத் திறமையைக் காட்டும் எண்; குறைவாக இருந்தால் நன்றாக ஆடுபவர்) 8 உள்ளவர் ரசித்து ஆடும் இடத்தில் 28 உள்ளவர் நாள் முழுக்கப் புதருக்குள் பந்து தேடிக்கொண்டிருப்பார். குழுவில் எத்தனை பேர் எட்டு, எத்தனை பேர் இருபத்தெட்டு என்று எண்ணிப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

தொலைக்காட்சியில் பார்த்த மைதானத்தின் மீது ஆசை வருவதும் இதே ரகம்தான். நியூயார்க் மாநிலத்தில் உள்ள பெத்பேஜ் பிளாக் மைதானத்தில் 2002-லும் 2009-லும் யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டி நடந்தது. அது பொதுமக்களும் ஆடக்கூடிய மைதானம். ஆனால் இது மிகக் கடினமான மைதானம், தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு மட்டுமே பரிந்துரைக்கிறோம் என்று முதல் டீ (முதல் அடி அடிக்கும் இடம்) அருகிலேயே பலகை வைத்திருக்கிறார்கள். அங்கே வண்டியும் கிடையாது, நடந்தே ஆக வேண்டும். எல்லா மைதானமும் இப்படி நேர்மையாக எச்சரிக்காது. அதனால் ஸ்கோர் அட்டையைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அட்டையில் பலர் கண்டுகொள்ளாமல் விடும் எண் ஸ்லோப் ரேட்டிங். மைதானம் எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லும் எண் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. திறமைசாலியைவிடச் சுமாராக ஆடுபவரை அந்த மைதானம் எவ்வளவு அதிகமாகப் படுத்தும் என்பதன் அளவு அது. 55 முதல் 155 வரை போகும்; அடிப்படை எண் 113. ஸ்லோப் 140 உள்ள இடத்துக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்டிகேப் இண்டெக்ஸை 140-ஆல் பெருக்கி 113-ஆல் வகுத்தால், 10 இண்டெக்ஸ் உள்ளவருக்குச் சுமார் 12 ஸ்ட்ரோக் (அடி) சலுகை, 30 உள்ளவருக்குச் சுமார் 37. (திறமைசாலி எடுக்கக்கூடிய அடிகளின் மதிப்பீடான கோர்ஸ் ரேட்டிங்குக்கும், மைதானத்துக்கு நிர்ணயித்த அடி எண்ணிக்கையான பாருக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே சேர்க்கவில்லை.) ஒருவருக்கு இரண்டு கூடுகிறது, இன்னொருவருக்கு ஏழு. கணக்கில் சலுகை கிடைத்துவிடும், சரி. ஆனால் அந்த ஏழு ஸ்ட்ரோக்கையும் தண்ணீருக்குள்ளும் மணலுக்குள்ளும் அடித்துத் தீர்க்கப் போவது அவர்தானே!

மொத்த நீளத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பதும் ஏமாற்றும். நீளமான மைதானத்தில்கூட குழிக்குப் பக்கமாக உள்ள முன் டீயிலிருந்து ஆடிச் சமாளிக்கலாம். டீயிலிருந்து பந்து தரையில் படாமல் நீரையோ புதரையோ தாண்டியே ஆக வேண்டும் என்ற ஹோல்கள்தான் (டீயிலிருந்து குழி வரையுள்ள ஆட்டப் பகுதிகள்) சிக்கல். அப்படி எத்தனை இருக்கின்றன, சுற்றிப் போக வழி உண்டா, வருகையாளர்களுக்கு எந்த டீ கொடுப்பார்கள் என்று முன்பே கேளுங்கள். கடினமான இடத்தில்தான் ஆடுவோம் என்று குழு அடம் பிடித்தால், ஆட்ட முறையையாவது ஸ்டேபிள்ஃபோர்டாக வையுங்கள். டாக்டர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு வகுத்த, ஹோல் ஹோலாகப் புள்ளி தரும் இந்த முறை 1932-இல் இங்கிலாந்தின் வாலசியில் போட்டிக்கு வந்தது. ஒரு ஹோல் பாழானால் பூஜ்யம் வாங்கிக்கொண்டு பந்தைக் கையில் எடுத்துவிடலாம். ஆடுபவர் மனமும் தப்பும், பின்னால் காத்திருப்பவர்களின் பொறுமையும் தப்பும்.

அப்புறம் தேதி. வழக்கத்தைவிட மலிவாக இடம் கிடைக்கிறதே என்று ஒருமுறை நான் அவசரமாக முன்பதிவு செய்தேன். போய்ப் பார்த்தால் கிரீன் (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரை) முழுக்கத் துளை போட்டு மணல் தூவி வைத்திருந்தார்கள். மண் இறுகாமல், வேருக்குக் காற்று போக அவ்வப்போது செய்தே தீர வேண்டிய பராமரிப்புதான் அது. ஆனால் கிரீன் பழைய நிலைக்கு வர இரண்டு மூன்று வாரங்கள்கூட ஆகலாம். அன்று பட் செய்த (குழியை நோக்கி உருட்டிய) பந்தெல்லாம் தவளை மாதிரித் துள்ளியது. பராமரிப்பு அட்டவணையை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், நான் கேட்கவில்லை. அதேபோல மண்ணையும் விசாரியுங்கள். லிங்க்ஸ் எனப்படும் கடலோர மைதானங்கள் போன்ற மணற்பாங்கான இடங்களில் மழை நீர் சீக்கிரம் வடிந்துவிடும். பதிலுக்குக் காற்று விளாசும். களிமண் நிலத்தில் ஈரக்காலத்தில் வண்டிகளை உள்ளே விட மாட்டார்கள். நடக்கச் சிரமப்படுபவர் குழுவில் இருந்தால் அன்றைய நாளே அவருக்கு வீண். கிரீனிலிருந்து அடுத்த டீ வரை நடக்கும் தூரமும் ஏற்ற இறக்கமும் அட்டையில் இருக்காது என்பதையும் மறக்காதீர்கள்.

நேரக் கணக்கில் தப்பு செய்வோர் அதிகம். 24 பேர் நான்கு நான்காக, பத்து நிமிட இடைவெளியில் புறப்பட்டால், கடைசி நால்வர் கிளம்புவது முதல் நால்வருக்கு 50 நிமிடம் கழித்து. மூன்று மூன்றாகப் போனால் 70 நிமிடம். நால்வர் ஆட்டத்துக்கு நாலரை மணி நேரம் வைத்தால், பகல் குறைவான பருவத்தில் கடைசிக் குழு இருட்டில் வந்து சேரும். எல்லோரும் வெவ்வேறு ஹோல்களில் ஒரே நேரத்தில் தொடங்கும் ஷாட்கன் முறை இதற்கு நல்ல தீர்வுதான். ஆனால் மைதானம் முழுவதையும் அது பிடித்துக்கொள்ளும் என்பதால் சிறிய குழுவுக்குப் பெரும்பாலும் தர மாட்டார்கள்.

பயணத் தூரம், உடைக் கட்டுப்பாடு எல்லாம் யாரும் மறக்க மாட்டார்கள். மறப்பது, ஆள் குறைந்தால் முன்பணம் என்னாகும் என்ற கேள்வியை. கடைசி வாரத்தில் இரண்டு பேராவது கழன்றுகொள்வார்கள். எண்ணிக்கையை இறுதியாகச் சொல்ல வேண்டிய நாள் எது என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

முடிந்தால் முன்பதிவுக்கு முன்னால் ஒருமுறை போய் ஆடிப் பாருங்கள். கூடவே குழுவில் ஹேண்டிகேப் அதிகமுள்ள ஒருவரைக் கூட்டிப் போங்கள். பதினெட்டாவது ஹோல் முடிந்ததும், அவருடைய பையில் எத்தனை பந்து மிச்சமிருக்கிறது என்று எண்ணுங்கள்.