சென்னைக்குப் புதுசா வாற எங்கட ஆக்களுக்கு: கை குடுத்த சங்கத்துக்கு வெளிநாட்டுக் காசு அனுப்ப முதல் இதை வாசியுங்கோ

யாழ்ப்பாணமோ வன்னியோ திருகோணமலையோ, எங்கயிருந்து வந்தாலும் எங்கட ஆக்கள் கனபேர் சென்னையில முதல்ல வீடு தேடுறது வளசரவாக்கம், விருகம்பாக்கம், சாலிகிராமம், போரூர்ப் பக்கம்தான். நானும் 2012இல அப்பிடித்தான் வந்தனான், இவரும் நானும் ரெண்டு பிள்ளையளும் மாமியும். இப்பவும் மாசத்துக்கு ஒரு குடும்பமாவது ஆரோ குடுத்த நம்பரை வைச்சு எனக்குப் போன் எடுத்து, அக்கா என்ன செய்யிறது ஏது செய்யிறது எண்டு கேக்கினம், எல்லாருக்கும் திரும்பத் திரும்பச் சொல்லுறதை ஒருக்கா எழுதி வைப்பம் எண்டு கன நாளா நினைச்சுக்கொண்டு இருந்தனான். ஆனா இப்ப எழுத வைச்சது வேற விஷயம். எங்களுக்குக் கை குடுத்த ஒரு சின்னச் சங்கத்துக்கு எங்களாலயே பெரிய கரைச்சல் வந்தது. ஒருத்தரும் கெட்ட எண்ணத்தோட செய்யேல்ல, தெரியாமல் செய்தது. உங்களுக்கு அது நடக்கக்கூடாது.

கடதாசி வேலையளைக் கெதியாச் சொல்லிப்போட்டுப் போறன். விசா 180 நாளுக்கு மேல எண்டால் வந்து இறங்கி 14 நாளுக்குள்ள எஃப்.ஆர்.ஆர்.ஓ. எண்ட வெளிநாட்டாரைப் பதியிற அலுவலகத்தில பதியோணும், எல்லாம் ஒன்லைன்தான், கூப்பிட்டால் மட்டும் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனுக்குப் போங்கோ. நீங்க வந்த விபரத்தை வீட்டுக்காரர் 24 மணித்தியாலத்துக்குள்ள ஒன்லைனில குடுக்கோணும், அதின்ர ஒரு கொப்பி வாங்கி வைச்சிருங்கோ. அட்வான்ஸ் பத்து மாசம் கேட்டாலும் கேப்பினம். 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேற மாதிரி ஒப்பந்தம் எழுதாட்டி மூண்டு மாசம்தான், அதைச் சொல்லிப் பேரம் பேசுங்கோ, குடுத்த காசுக்கு எழுத்தில வாங்குங்கோ. இவ்வளவும் செய்தால் போலீஸ் வந்து கதவைத் தட்டினாலும் பயமில்லை.

கஷ்டம் வரேக்க என்ன செய்யிறது எண்டதுதான் ஒருத்தரும் சொல்லித் தராதது. ஊரில எண்டால் கிராம சேவகர் (ஜி.எஸ்.) இருக்கிறார், சமுர்த்தி உதவிக் காசு இருந்தது, மரணாதாரச் சங்கம் இருக்கு, சனசமூக நிலையம் இருக்கு, அதுக்கு மேல கோயிலும் சொந்தக்காரரும். இஞ்ச எங்களுக்கு ரேஷன் கார்ட் இல்லை. கார்ட் இல்லையெண்டால் அரசாங்கம் தாற கனக்க விஷயம் எங்கட வாசலுக்கு வராது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு ரேஷன் கடையில டோக்கன் வைச்சு ஆறாயிரம் ரூபா குடுத்தவை, எங்கட தெருவே வரிசையில நிண்டது, நான் மாடியில நிண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். அம்மா உணவகம் மட்டும் ஆரெண்டாலும் போகலாம், ஒரு ரூபாய்க்கு இட்லி, அஞ்சு ரூபாய்க்கு சாம்பார் சாதம், அங்க ஒருத்தரும் கார்ட் கேக்கிறதில்லை. வந்த புதுசில இவருக்கு வேலை இல்லாத ரெண்டு மாசம் எங்கட பிள்ளையள் அங்கதான் காலமைச் சாப்பாடு சாப்பிட்டதுகள். அகதியா வந்தவைக்கு 1984இலயே சந்திரஹாசன் ஐயா தொடங்கின ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இருக்கு, செல்வநாயகம் ஐயாவின்ர மகன். ஆனா இரவு பத்து மணிக்கு வீட்டுக்குள்ள தண்ணி வந்தால் உங்களுக்கு உதவப்போறது உங்கட தெருச் சங்கம்தான்.

அதைத் தேடிக் கண்டுபிடியுங்கோ, வந்த முதல் மாசமே. பெரிய போர்டெல்லாம் இருக்காது. மருந்துக் கடையிலயோ அங்கன்வாடி ரீச்சரிட்டயோ கேட்டால் சொல்லுவினம். எங்கட சங்கம் இஸ்திரி வண்டி நிக்கிற மூலையில மாடியில ஒரு அறை. ஒரு பீரோ, ஒரு டியூப் லைட், நிலத்தில பாய் விரிச்சுப் பின்னேரத்தில முப்பது பிள்ளையளுக்கு டியூஷன். செயலாளர் ஈ.பி.யில, அதுதான் மின்சார வாரியத்தில, இருந்து ரிட்டயர்ட் ஆனவர். தெருக்காரர் மாசம் நூறு, இருநூறு குடுக்கிறதுதான் வரும்படி, ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது எழுதுவார். வீட்டு வேலைக்குப் போற அக்காமார், ஓட்டோ ஓட்டுறவை, பெயின்ட் அடிக்கிறவை, இவையின்ர பிள்ளையளுக்கு ஜூன் மாசம் ஃபீஸும் நோட்டும். ஒரு ஓட்டோக்காரத் தம்பிக்குக் கால் முறிஞ்சு மூண்டு மாசம் படுத்த நேரம் வீட்டு வாடகையை நேரா வீட்டுக்காரரிட்டயே கட்டினவை, அவன்ர கையில குடுத்தால் வட்டிக்காரன் பறிச்சுக்கொண்டு போயிடுவான் எண்டு தெரியும். 2023இல அரசாங்கம் பொம்பிளையளுக்குத் தாற மகளிர் உரிமைத்தொகைக்கு விண்ணப்பம் குடுத்த நேரம் அந்தப் படியில பொம்பிளையள் இருந்து எழுந்து போனதைப் பாத்திருக்கோணும், இரவு ஒன்பது மணி மட்டும் செயலாளர் ஒருத்தர் ஒருத்தராக் கேட்டுக் கேட்டு நிரப்பினவர்.

எங்கட ஆக்களுக்கு ஒரு குணம் இருக்கு, எனக்கும் அதுதான். செத்தாலும் கை நீட்ட மாட்டம். மிக்ஜாம் வந்த அண்டு, டிசம்பர் 3 இரவு தொடங்கி 4ஆம் திகதி முழுக்க மழை, நாங்க அப்ப தரைத்தளம். கால்வாய்த் தண்ணி முழங்கால் மட்டும் வந்துட்டுது, கரண்ட் இல்லை, போன் இல்லை. சங்கத்துப் பொடியள் வந்து கதவைத் தட்டேக்க, நாங்க சமாளிப்பம் தம்பி, வேற ஆக்களைப் பாருங்கோ எண்டு சொன்னனான். சொன்னது நான், பின்னால கட்டில்ல மாமி, 84 வயசு. ஒரு பொடியன் எட்டிப் பாத்தான். ஒண்டும் கதைக்கேல்ல. பிளாஸ்டிக் கதிரையை எடுத்து மாமியை இருத்தி, நாலு பேர் நாலு காலைப் பிடிச்சுத் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டு மாடிக்குப் போனவை, மாமியின்ர மருந்துப் பெட்டியை ஒருத்தன் பொலித்தீனில சுத்தித் தலையில வைச்சிருந்தவன், மாமி பயத்தில முன்னால போன பொடியன்ர காதைக் கெட்டியாப் பிடிச்சுக்கொண்டே போனவ, அவன் "விடுங்க பாட்டி" எண்டு ஒருக்காக்கூடச் சொல்லேல்ல.

அடுத்த நாள் பால் பாக்கெட் எங்க தேடியும் இல்லை. தெருவில மூண்டு வீட்டில வேலை செய்யிற ஒரு அக்கா எங்கயோ போய்ப் பன்னிரண்டு பாக்கெட் கொண்டந்து, கைக்குழந்தை இருக்கிற வீடு முதல்ல, வயசுபோனவை பிறகு எண்டு பிரிச்சுக் குடுத்தவ, அவவின்ர வீட்டில கட்டில் மிதந்துகொண்டு இருந்தது. செயலாளர் வீடு வீடாப் போய் இன்சுலின் ஊசி மருந்தெல்லாம் சேர்த்து, மீன்காரரிட்ட ஐஸ் வாங்கி ஒரு தெர்மாகோல் பெட்டிக்குள்ள, ஒவ்வொண்டிலயும் பேர் எழுதி ஒட்டி வைச்சவர். ஃபிரிட்ஜ் வேலை செய்யாட்டி இன்சுலின் பழுதாப்போகும் எண்டு அந்த நேரத்தில ஆருக்கு யோசனை வரும்?

2024 மாசியில மாமி போயிட்டா. ஃப்ரீசர் பெட்டிக்கு ஆர் போன் பண்ணினது, மின் மயானத்தில ஆர் நேரம் எடுத்தது, மாநகராட்சியில மரணச் சான்றிதழுக்கு ஆர் நிண்டது, எனக்கு இப்பவும் முழுசாத் தெரியாது. எல்லாம் அவையள்தான். ஊரில ஆயிரம் சனம் வந்திருக்கும். இஞ்ச நாப்பது பேர் வந்தவை, அதில முப்பத்தஞ்சு பேர் அந்தச் சங்கத்து ஆக்கள்.

இனித்தான் விஷயம்.

அந்தியேட்டிக்கு (முப்பத்தோராம் நாள் கிரியை) முதல் இவற்ற தம்பி ரொறன்ரோவில இருந்து கதைச்சவர். அம்மாவின்ர நினைவா அந்தச் சங்கத்துக்கு ஏதும் செய்யோணும் அண்ணா எண்டவர். எங்களுக்கு இதைவிட என்ன சந்தோஷம்? ஊரில இது காலகாலமா நடக்கிறது, பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம், கோயிலுக்குத் தேர், வாசிகசாலைக்கு மேசை கதிரை, வெளிநாட்டுக் காசு வந்தால் பேர் எழுதிக் கல்லுப் பதிப்பினம். ரசீதில வங்கிக் கணக்கு நம்பர் இருந்தது, கீழ 80ஜி நம்பரும் இருந்தது. அரசாங்கத்தில பதிஞ்ச சங்கம், எல்லாம் சரியா இருக்கு எண்டு நினைச்சு நம்பரை அனுப்பிவிட்டம். செயலாளரிட்ட ஒரு வார்த்தை கேக்கேல்ல, திடீரெண்டு சொல்லி அவரைச் சந்தோஷப்படுத்துவம் எண்டு இருந்தனாங்கள். அஞ்சாயிரம் கனடா டொலர் போனது. ஏறத்தாழ மூண்டு லட்சம் ரூபா.

நாலாம் நாள் அவர் வீட்டுக்கு வந்தார். கையில வங்கிக் கடிதம். "அம்மா, ஒரு விஷயம் கேக்கணும், கனடாவுல இருந்து யாராச்சும் பணம் போட்டாங்களா?" எண்டவர். நான் சிரிச்சுக்கொண்டே ஓம் ஓம் எண்டனான். அவற்ற முகத்தைப் பாத்த பிறகுதான் சிரிப்பு நிண்டது. கணக்கை வங்கி நிப்பாட்டி வைச்சுட்டுது. அந்த மூண்டு லட்சத்தை மட்டும் நிப்பாட்டேல்ல, முழுக் கணக்கையும்.

இந்தியாவில எஃப்.சி.ஆர்.ஏ. எண்டு 2010ஆம் ஆண்டுச் சட்டம் ஒண்டு இருக்கு. வெளிநாட்டு நன்கொடை வாங்கிற எந்தச் சங்கமும் ட்ரஸ்ட்டும் மத்திய உள்துறை அமைச்சில அதுக்கெண்டு தனியாப் பதிஞ்சிருக்கோணும், இல்லாட்டி அந்தக் காசுக்கு முன் அனுமதி எடுத்திருக்கோணும். 2020இல சட்டத்தை இன்னும் இறுக்கினவை. இப்ப அந்தக் காசு முதல்ல வந்து விழவேண்டியது டெல்லியில ஸ்டேட் பாங்கின்ர பிரதான கிளையில இருக்கிற கணக்குக்குத்தான், வளசரவாக்கத்து வங்கிக் கணக்குக்கு இல்லை. பதியிறதுக்கு மூண்டு வருஷமாவது வேலை செய்திருக்கோணும், அந்த மூண்டு வருஷத்தில 15 லட்சமாவது செலவழிச்சிருக்கோணும். மாசம் நூறு ரூபா சேர்க்கிற சங்கம் எங்க போறது? 80ஜி எண்டது குடுக்கிற ஆளுக்கு இந்திய வருமான வரியில கழிவு கிடைக்க, அவ்வளவுதான். அதைப் பாத்து வெளிநாட்டுக் காசும் வாங்கலாம் எண்டு நினைச்சதுதான் நாங்க விழுந்த கிடங்கு.

சங்கத்து ஓடிட்டர் இன்னொண்டும் சொன்னவர், அதுதான் எனக்கு நெஞ்சில குத்தினது. காசு டொலரா ரூபாயா எண்டது கணக்கில்லை, குடுக்கிற ஆள் ஆர் எண்டதுதான் கணக்காம். இலங்கைப் பாஸ்போர்ட் வைச்சிருக்கிற நான் இந்தத் தெருவில நிண்டு இருநூறு ரூபா நன்கொடை குடுத்தாலும் சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடைதான். நாங்க மாசாமாசம் குடுத்துக்கொண்டு இருந்தனாங்கள், தெருவில நாங்களும் ஒரு வீடு எண்டு நினைச்சு. துபாயில வேலை செய்யிற இந்தியப் பாஸ்போர்ட்காரர் தன்ர சேமிப்பில இருந்து அனுப்பினால் அது வெளிநாட்டுக் காசில்லை. எங்கட காசுதான் வெளிநாடு.

காசு திரும்பிப் போய், கடிதம் எழுதி, கணக்குத் திறக்க ரெண்டரை மாசத்துக்கு மேல ஆச்சுது. அதுக்குள்ள ஜூன் வந்துட்டுது, பள்ளிக்கூடம் திறந்துட்டுது. பதினொரு பிள்ளையளுக்கு ஃபீஸ் கட்ட வேண்டியது அந்தக் கணக்கில இருந்துதான். செயலாளர் தன்ர பென்ஷனில கொஞ்சம், மனிசியின்ர வளையலை அடகு வைச்சு மிச்சம். எனக்கு அவர் சொல்லேல்ல, அந்தப் பால் கொண்டந்த அக்காதான் சொன்னவ. நான் போய் அழுதன். "தெரியாம செஞ்சதுக்கு ஏன்மா அழறீங்க, நல்லது பண்ணணும்னுதானே பண்ணீங்க" எண்டு சொல்லிப்போட்டு டீ வாங்கித் தந்தவர். ஒரு கடும் சொல் இல்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும்.

எங்கட ஆக்கள் சில பேர் இதுக்குக் குறுக்கு வழி சொல்லுவினம், கேக்காதேங்கோ. எஃப்.சி.ஆர்.ஏ. இருக்கிற பெரிய சங்கத்துக்கு அனுப்பி அவையளைச் சின்னச் சங்கத்துக்குக் குடுக்கச் சொல்லலாம் எண்டு ஒருத்தர் எனக்குச் சொன்னவர், 2020க்குப் பிறகு அப்பிடி ஒரு சங்கம் இன்னொரு சங்கத்துக்குக் கை மாத்த ஏலாது. பக்கத்து வீட்டு இந்தியாக்காரற்ற கணக்குக்குப் போட்டு அவற்ற பேரில குடுக்கலாம் எண்டு இன்னொருத்தர். நல்ல மனிசரை ஏன் மாட்டி விடுறீங்கள்?

அண்ணன் தம்பி, மாமா மச்சான் ஆரெண்டாலும், கனடாவோ லண்டனோ சுவிஸோ, இஞ்ச ஒரு சங்கத்துக்குக் குடுக்கப் போகினம் எண்டால் முதல்ல செயலாளரிட்டயோ பொருளாளரிட்டயோ நேர போய்க் கேளுங்கோ, உங்களிட்ட எஃப்.சி.ஆர்.ஏ. இருக்கோ, அது இப்பவும் செல்லுபடியாகுதோ எண்டு, அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா அதைப் புதுப்பிக்கோணும். இருக்கெண்டால் டெல்லிக் கணக்கு நம்பரை எழுத்தில தரச் சொல்லுங்கோ. இல்லையெண்டால் அங்க காசு அனுப்பாதேங்கோ. கனடாத் தம்பியின்ர காசு கடைசியில பதிவு இருக்கிற வேற ஒரு நிறுவனத்துக்குப் போனது, நல்ல வேலைதான் செய்யினம், ஆனா அவையள் மாமியைக் கண்டதில்லை.

நான் இப்ப மழைக்காலத்தில அந்த மாடிக்குத் திருவலையோட போறன். நூறு பேருக்குச் சமைக்கிற அண்டு தேங்காய் துருவிக் குடுப்பன், வெங்காயம் வெட்டுவன். இஞ்சத்தை ஆக்கள் அரிவாள்மணையில துருவுற வேகம் எனக்கு வராது, அவையளுக்கு என்ர சம்பல் உறைப்பு. ஆனா கேட்டு வாங்கிச் சாப்பிடுவினம்.

ஐப்பசி தொடங்க முதல் அங்க ஒரு கொப்பி வைப்பினம். தரைத்தளத்தில ஆர் இருக்கினம், நடக்க ஏலாத ஆக்கள் ஆர், இன்சுலின் ஆருக்கு எண்டு வீட்டு வரிசையில எழுதினது. உங்கட தெருவிலயும் அப்பிடி ஏதும் இருக்கும், போய் உங்கட பேரைக் குடுங்கோ, நாங்க வெளியால வந்த ஆக்கள்தானே எண்டு ஒதுங்கி நிக்காதேங்கோ. எங்கட வீட்டு வரியில "பாட்டி, தூக்கணும்" எண்டு அப்பிடியே கிடந்தது, வெட்டச் செயலாளருக்கு மனம் வரேல்ல போல. போன கிழமை நானே போய் அதை வெட்டி, கீழ இவற்ற பேரைப் போட்டு, சுகர், இன்சுலின் ரெண்டு நேரம் எண்டு எழுதிப்போட்டு வந்தனான்.