டூம் மாட் செய்கிறவர்கள் எண்களில் கை வைக்காதீர்கள்

போன வாரம் தாம்பரத்திலிருந்து ஒரு தம்பி லேப்டாப்போடு வந்தான். டூம் என்கிற பழைய துப்பாக்கிச் சண்டை கம்ப்யூட்டர் கேமுக்குள் சென்ட்ரல் ஸ்டேஷனைக் கட்டியிருந்தான். இப்படி ஆட்டத்தை நம் இஷ்டத்துக்கு மாற்றிச் செய்வதுதான் மாட். டிக்கெட் கவுன்டர், தூண்கள், சிவப்புச் சுவர், எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தது. பத்து நிமிஷம் ஆடினேன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் அடித்த அதே கூத்து! ஃபைலை எங்கே போடுவது என்பதெல்லாம் தானாகப் பிடிபடும், அதை விடுங்கள்.

எதிரியின் ஹெல்த்தை ஏற்றுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் இதில்தான். "அண்ணா, இம்ப் சட்டுனு செத்துடுது, அதான் 60-ஐ 100 ஆக்கிட்டேன்" என்றான். இம்ப் என்பது டூமில் எதிரியாக வரும் ஓர் அரக்கன்; 60 அதன் ஹெல்த், அதாவது உயிர்ப் புள்ளி.

1993-இல் வந்த டூமில் ஷாட்கன் ஒரு தடவை வெடித்தால் 7 ரவைகள். ஒவ்வொன்றும் 5, 10 அல்லது 15 ஹெல்த்தைக் குறைக்கும். சராசரியாக 70. இம்புக்கு 60. கிட்டப் போய்ச் சுட்டால் பெரும்பாலும் ஒரே தோட்டாவில் காலி. தள்ளி நின்றால் ரவை சிதறிப் பிழைத்துக்கொள்ளும். நெருங்கலாமா வேண்டாமா என்ற அந்தத் தயக்கம்தான் ஆட்டமே. 100 ஆக்கினால் 7 ரவையும் பட்டாலும் ஒரே வெடியில் சாவது அபூர்வம். அப்புறம் எதற்கு நெருங்க வேண்டும்?

அன்றைக்கு என் மாடில் நான் இம்புக்கு 90 வைத்தேன். ஆடுகிறவனுக்குத் தோட்டா போதவில்லை, வழியெல்லாம் கூடுதலாக இறைத்து வைத்தேன். இப்போது 150 ஹெல்த் உள்ள டீமன் என்ற இன்னோர் அரக்கன் சப்பையாகத் தெரிந்தது, அதையும் ஏற்றினேன். மூன்று மாதம் இப்படியே ஓடியது. திருவல்லிக்கேணி மேன்ஷன் ரூம்மேட் ஆடிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மச்சான், ஸ்டேஷன் சூப்பர். டூம் எங்கடா?"

கஷ்டமாக்க வேண்டுமா? சரி, இன்னும் இரண்டு இம்ப் வையுங்கள், ஒன்றை முதுகுப் பக்கம்.

உயரம்

டூம் 320×200-இல் வரைந்து 4:3 மானிட்டரில் காட்டியது. அதனால் ஒவ்வொரு பிக்சலும் அகலத்தைவிட 20 சதவீதம் உயரம். சதுரப் பிக்சலில் நான் வரைந்த ஆட்டோக்காரர் ஆட்டத்துக்குள் பனைமரமாக நின்றார். வரையும்போதே குள்ளமாக்குங்கள்.

குதிக்கும் வசதி

வேண்டாம்.

சத்தம்

இம்ப் விழிக்கும் உறுமலைக் கேட்டே உள்ளே இருப்பது யாரென்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். தம்பி அந்த இடத்தில் ரயில் ஹாரன் வைத்திருக்கிறான். 60-க்கு இறங்கி வந்தவன் இதற்கு மட்டும் மசியவே இல்லை.