ஜி.பி. வாசல்: பிரித்தானியாவுக்குப் புதிதாக வந்த எங்கள் சனத்துக்கு

இலங்கையில், ஊரில் தோள்மூட்டு நோவென்றால் விடிய எழும்பிப் பெரியாஸ்பத்திரி ஓ.பி.டி. வரிசையில் நிற்போம். கையில் காசிருந்தால் எலும்பு வைத்தியரை 'சனல்' பண்ணிப் பின்னேரமே பார்த்துவிடுவோம். இங்கே இந்த இரண்டும் கிடையாது. எந்த நிபுணரிடம் போவதானாலும் முதலில் ஜி.பி. என்கிற குடும்ப வைத்தியரின் வாசலைத் தாண்ட வேண்டும். அந்த வாசலில் வாயைத் திறந்து கேட்காமல் எதுவும் நடக்காது. 'அவையே பார்த்துச் செய்வினம்' என்று மரியாதையாகக் காத்திருந்து வருத்தத்தை முற்றவிட்டவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். அகதிக் கோரிக்கையோடு இங்கிலாந்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு மொழிபெயர்க்கக் கூடப் போய்வந்த பழக்கத்தில் இதை எழுதுகிறேன்.

ஜி.பி.யில் பதிவதை வந்த முதற்கிழமையே செய்துவிடுங்கள். பதிவுப் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். பாஸ்போர்ட், விசா, வீட்டு முகவரிக்கான பில் ஒன்றும் கட்டாயமில்லை, என்.எச்.எஸ். என்கிற அரச மருத்துவ சேவையின் விதியே அப்படித்தான் சொல்கிறது. உங்கள் பாஸ்போர்ட், அகதிக் கோரிக்கையைப் பார்க்கும் உள்துறை அமைச்சான ஹோம் ஒபிஸில் இருக்கும், அல்லது ஏஜென்ஸிக்காரன் வழியிலேயே வாங்கியிருப்பான். அதனால் பதிவு நிற்காது. ஹோம் ஒபிஸ் உங்களை ஹோட்டலில் வைத்திருந்தால் ஹோட்டல் முகவரியை எழுதலாம். ஆனாலும் கவுண்டரில் இருப்பவருக்கு இந்த விதி தெரியாமல் போவதுண்டு. ஒரு பெடியனை ஒரு சேர்ஜரியில், அதாவது ஜி.பி. கிளினிக்கில், இரண்டு தரம் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் தரம் என்.எச்.எஸ். இணையப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போனோம். ஒரு சொல் சொல்லாமல் படிவத்தை எடுத்துத் தந்தார் அந்தப் பெண். இதற்கென்றே 'ஜி.பி. அக்சஸ் கார்ட்' என்று சின்ன அட்டையும் இருக்கிறது, சட்டைப்பையில் வைத்திருங்கள். அப்படியும் மறித்தால் டொக்டர்ஸ் ஒஃப் த வேர்ல்ட் அமைப்பு உங்களுக்காகப் பேசும். பதிந்தபின் வரும் பத்து இலக்க என்.எச்.எஸ். நம்பரைப் போனில் குறித்து வையுங்கள்.

அடுத்தது மொழி. அப்பொயின்ட்மென்ட் எடுக்கும்போதே 'தமிழ் இன்டர்பிரெட்டர், ப்ளீஸ்' என்று சொல்லுங்கள். வைத்தியருக்கு முன்னால் போய் இருந்தபின் கேட்டால் நேரம் போய்விடும். அங்கே உங்களுக்குக் கிடைப்பதே பத்து நிமிடம்தான். மொழிபெயர்ப்பாளருக்கு நீங்கள் காசு கொடுக்கத் தேவையில்லை. பெண்கள் பெண்ணைக் கேட்கலாம்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒரு அக்கா எட்டு வயது மகனோடு வந்திருந்தார். அவருக்கு மாதக்கணக்கில் இரத்தப்போக்கு. அதை மகனிடம் எப்படிச் சொல்வது? 'அம்மாவுக்கு வயிற்று நோ எண்டு சொல்லு' என்றார். பெடியனும் அப்படியே சொன்னான். பனடோலோடு திரும்பினார்கள். பிறகு ஒருநாள் டெலிபோனில் ஒரு பெண் மொழிபெயர்ப்பாளர் வந்தபோதுதான் உண்மை வெளிவந்தது, ஸ்கானுக்கும் எழுதினார்கள்.

இன்னொரு பயமும் இருக்கிறது, அதை யாரும் வெளியில் சொல்வதில்லை. மொழிபெயர்க்க வருபவர் எந்த ஊர், யாருடைய சொந்தம், வெளியில் போய்க் கதைப்பாரோ என்ற பயம். கேட்டதை வெளியில் சொல்லக் கூடாது என்பது அவரின் கடமை. அவர் 'தம்பி எந்த இடம்?' என்று ஊர்விசாரணை தொடங்கினால் நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை. மனம் ஒப்பவில்லையென்றால் வேறு ஆளைக் கேளுங்கள். டெலிபோன் வழி மொழிபெயர்ப்பில் முகம் தெரியாது, பலருக்கு அதுதான் வசதி.

எதற்கு எங்கே போவது? மூச்சுத் திணறல், நெஞ்சு நோ, ஒரு பக்கம் இழுப்பது, நிற்காத இரத்தம் என்றால் 999. என்ன செய்வதென்று தெரியாத நடுராத்திரிக்கு 111. அதுவும் இலவசம், அங்கேயும் தமிழ் கேட்கலாம். தொண்டை நோ, பிள்ளைகளின் காதுக்குத்து, பெண்களின் சிறுநீர்க் கடுப்பு போன்ற ஏழு வருத்தங்களுக்கு இங்கிலாந்தில் 2024 ஜனவரியிலிருந்து மருந்துக்கடைக்காரரே பார்த்து, தேவையென்றால் அன்டிபயோட்டிக்கும் தருவார். மற்றதுக்கெல்லாம் ஜி.பி. பல சேர்ஜரிகளில் காலை எட்டு மணிக்கு டெலிபோன் திறந்தவுடன் அடித்தால்தான் அன்றைய இடம் கிடைக்கும். எட்டே கால் என்றால் முடிந்த கதை. கர்ப்பமாக இருந்தால் ஜி.பி.க்காகக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரியின் மருத்துவிச்சிப் பிரிவில் நேரே பதியலாம்.

இனிக் காசு. ஜி.பி.யைப் பார்ப்பது இலவசம். இங்கிலாந்தில் மருந்துக்கு, ஒரு பொருளுக்கு 9.90 பவுண் என்று 2024இல் வந்த கட்டணம். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் அதுவும் இல்லை. ஹோம் ஒபிஸ் உதவியில் இருப்பவருக்கு எச்.சி.2 என்ற சான்றிதழ் பெரும்பாலும் தபாலில் தானாக வரும். வராவிட்டால் மைக்ரன்ட் ஹெல்ப் என்ற உதவி அமைப்பின் இலவச இலக்கம் 0808 8010 503இல் கேளுங்கள், அதற்கு விண்ணப்பிக்கும் எச்.சி.1 படிவம் நிரப்ப உதவுவார்கள். மருந்து, பல், கண் பரிசோதனை எல்லாம் எச்.சி.2 இருந்தால் இலவசம், ஜி.பி. அனுப்பி ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் காசும் கிடைக்கும். இது பலருக்குத் தெரியாது.

எச்.சி.2இல் முடியும் திகதி அடித்திருக்கும். அது முடிந்தது தெரியாமல் மருந்துத் துண்டில் 'இலவசம்' என்று புள்ளடி போட்டால், சில மாதம் கழித்து மருந்துக் காசோடு 100 பவுண் வரை தண்டம் கேட்டுக் கடிதம் வரும். நீரிழிவுக்குக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர் ஜி.பி.யிடம் எஃப்.பி.92.ஏ. படிவம் வாங்கி நிரப்பினால் எல்லா மருந்தும் இலவசம், ஐந்து வருடத்துக்கு.

ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு சிக்கல் உண்டு. அகதிக் கோரிக்கை நடப்பில் இருப்பவருக்கும், அகதியாக ஏற்கப்பட்டவருக்கும் ஆஸ்பத்திரி இலவசம். கோரிக்கை நிராகரிக்கப்பட்டு ஹோம் ஒபிஸ் உதவியும் நின்றுபோனால், இங்கிலாந்தில் பில் வரலாம். அப்போதும் ஜி.பி., அவசரப் பிரிவு, காசநோய், எச்.ஐ.வி. சிகிச்சை, சித்திரவதையால் வந்த காயங்களுக்கான சிகிச்சை இலவசம்தான். பிள்ளைப்பேற்றுக்குப் பில் வரலாம், ஆனால் காசில்லை என்று மறிக்க முடியாது. பில் வந்தால் ஒளித்து வைக்க வேண்டாம். 500 பவுணும் அதற்கு மேலும் உள்ள கடன் இரண்டு மாதம் கட்டாமல் கிடந்தால் ஹோம் ஒபிஸுக்குப் போகும். கடிதம் வந்த கையோடு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பிழையாக அனுப்பிய பில்களும் இருக்கின்றன.

சித்திரவதை என்ற சொல் வந்ததால் இதையும் எழுத வேண்டும். எங்கள் சனம் மனதில் உள்ளதை 'யோசனை கூட' என்றுதான் சொல்லும். மொழிபெயர்ப்பாளர் அதைச் 'சிந்தனை அதிகம்' என்று ஆங்கிலத்தில் சொல்ல, வைத்தியர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அதனால் விபரமாகச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு நித்திரை முறிகிறது, கனவில் என்ன வருகிறது, பூட்ஸ் சத்தம் கேட்டால் உடம்பு என்ன செய்கிறது, சாப்பாடு இறங்குகிறதா. உடம்பில் தழும்பு இருந்தால் காட்டி, எப்படி வந்தது என்று சொல்லுங்கள். வைத்தியர் அதை எழுதி வைக்கட்டும். நீங்கள் சொல்வதை இரகசியமாக வைத்திருப்பது அவர் கடமை. வழக்குக்கு அந்தக் குறிப்பு வேண்டுமென்றால் உங்கள் வழக்கறிஞர் உங்களிடம் கையெழுத்து வாங்கித்தான் எடுப்பார்.

வழக்கில் தழும்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு எங்கள் ஆள் ஒருவரின் வழக்கே இருக்கிறது. சூடான கம்பியால் சுட்ட தழும்புகளை அவரே வேறொருவரைக் கொண்டு சுடுவித்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டு அவர் கோரிக்கையைத் தள்ளியிருந்தார்கள். 2019 மார்ச்சில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. தழும்பு எப்படி, எந்தச் சூழலில் வந்திருக்கும் என்று மருத்துவ அறிக்கை எழுதுபவர் கருத்துச் சொல்லலாம் என்றது. இப்படியான அறிக்கைகளும் சிகிச்சையும் தரும் அமைப்பு ஃப்ரீடம் ஃப்ரொம் டோர்ச்சர், 1985இலிருந்து இயங்குகிறது. ஜி.பி.யோ வழக்கறிஞரோ உங்களை அங்கே அனுப்பலாம்.

வயதானவர்களுக்கு ஒரு விசயம். சீனி அளவு ஊரில் ஒரு கணக்கு, இங்கே வேறு கணக்கு. ஊரில் 180 என்பது இங்கே மெசினில் 10 என்று காட்டும். ஊர்க் கணக்கைப் பதினெட்டால் பிரிக்க வேண்டும். ஒரு ஐயா 8.5 என்று பார்த்ததும் 'சீனி வத்திப்போச்சு' என்று சந்தோசப்பட்டுக் குளிசையைப் பாதியாக்கிவிட்டார். ஊர்க் கணக்கில் அது 153. மூன்று மாதச் சீனிப் பரிசோதனையும் அப்படித்தான். ஊரில் 6.5 என்பது இங்கே 48. இந்த 48ஐப் பார்த்துத் தலைசுற்றி விழவும் வேண்டாம்.

கடைசியாக, ஹோட்டலிலிருந்து எந்த நேரத்திலும் வேறு ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். சில வேளை முதல்நாள்தான் சொல்வார்கள். புது ஊரில் புது ஜி.பி.யில் திரும்பப் பதிய வேண்டும், பழைய குறிப்புகள் வந்து சேரச் சில நாள் எடுக்கலாம். அந்த இடைவெளியில் மருந்து முடிந்துவிடும். மேலே சொன்ன அதே ஐயா இதில் கெட்டிக்காரர். வெறும் மருந்துப் பெட்டி, திரும்ப எடுக்கும் மருந்துத் துண்டு, ஆஸ்பத்திரிக் கடிதம், ஊர்க் கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் ஒரு ரெஸ்கோ பையில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தார். வான் வந்தபோது உடுப்புப் பெட்டியை விட்டுவிட்டு அந்தப் பையோடுதான் ஏறினார். புது நேர்ஸ் மேசையில் பெட்டிகளைக் கொட்டிப் பார்த்து, பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார். உடுப்புப் பெட்டி மூன்று கிழமை கழித்து வந்தது.