ல, ள, ழ: நாக்கு எங்கே போகிறது என்று பார்ப்பது எப்படி?

இலங்கை மலையகத்தில் 'கொழுந்து' பலர் வாயில் 'கொளுந்து'தான். அது பேச்சுக் குறை அல்ல, ஊர் வழக்கு. ஆனால் சொல்வதெழுதுதலில் பிள்ளை 'பளம்' என்று எழுதினால் புள்ளி (மதிப்பெண்) போகும். உடனே நாம் 'ழ்ழ்ழ்' என்று உரக்கச் சொல்லிக் காட்டுகிறோம். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்) பலரும் சொல்லாத வேறுபாடு அப்படிச் சட்டென்று காதில் ஏறாது. சிங்களமும் கைகொடுக்காது, அங்கே எழுத்தில் ல, ள இரண்டும் உண்டு, பேச்சில் ஒன்றுதான். அதனால் காதை விட்டுவிட்டு நாக்கில் தொடங்குங்கள்.

நுரையீரல் காற்று குரல்நாண்களை அதிரவைக்கிறது. ஆணுக்கு விநாடிக்கு 100–120 தடவை, பெண்ணுக்கு 200 தடவை அளவில். சிறு பிள்ளைக்கு இன்னும் கூட. அது வெறும் ரீங்காரம். தொண்டை, வாய், மூக்கு என்று மேலே போகும் வழிதான் அதை எழுத்தாக்குகிறது. ல, ள, ழ மூன்றிலும் தொண்டை அதிரும், மூக்குவழி மூடியிருக்கும். மாறுவது நாக்கு மட்டுமே.

குளிர்ச் சோதனை. 'ல்' என்று இழுத்துச் சொல்லி, நாக்கை அசைக்காமல் வாயால் காற்றைச் சட்டென்று உள்ளே இழுங்கள். நாக்கின் ஓரங்கள் குளிரும். காற்று போகும் வழி அது. 'ள்' சொல்லி இழுத்தாலும் ஓரந்தான், ஆனால் நுனி மேலே மடிந்திருக்கும். 'ழ்' சொல்லி இழுத்தால் குளிர் நடுவில் ஓடும். நடுவில் குளிராவிட்டால் நுனி எங்கோ ஒட்டியிருக்கிறது. அது ழ அல்ல, ள. நுவரெலியாக் காலைக் குளிரில் இதைச் சின்னப் பிள்ளையும் உணரும்.

கறைச் சோதனை. நாக்கு தொட்ட இடத்தைக் கறை காட்டும். ஒரு தேக்கரண்டி கொக்கோத் தூளில் தேங்காயெண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டுப் பசை போலக் குழையுங்கள். நாக்கைச் சுத்தமான துணியால் ஒற்றி, பஞ்சுக் குச்சியால் நுனியிலும் ஓரங்களிலும் தடவுங்கள். ஆளுக்கொரு குச்சி, தொட்ட குச்சியைத் திரும்பப் பசைக்குள் விடக் கூடாது. பிறகு ஒரே ஒரு சொல், ஒரே ஒரு தடவை. 'பாலம்', 'பாளம்', 'பழம்' பொருத்தமானவை. ப, ம இரண்டும் உதட்டில் பிறப்பவை, அண்ணத்தை, அதாவது வாயின் மேற்கூரையை, நாக்கு தொடாது. 'கொழுந்து' வேண்டாம், ந்து போய்ப் பல்லில் ஒட்டிக்கொள்ளும். சொன்னதும் விழுங்காமல் வாயைத் திறந்து, சிறு கண்ணாடியை மேற்பல்லுக்குக் கீழே சாய்த்து, தொலைபேசி வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடியை முதலில் வெந்நீரில் காட்டித் துடைக்காவிட்டால் ஆவி படிந்து ஒன்றும் தெரியாது. ஆழமாக விட்டால் பிள்ளை ஓங்கரிக்கும்.

பாலத்துக்குக் கறை முன்பல்லின் பின்னே ஈறு மேடாக இருக்கும் இடத்தில். பாளத்துக்கு அதற்கும் பின்னால், அண்ணத்தில். பழத்துக்கு நடு அண்ணம் சுத்தமாக இருக்கும், கடைவாய்ப் பற்களின் ஓரத்தில் மட்டும் கறை. பாளத்துக்குக் கறையே விழவில்லையா? மேற்பக்கம் மட்டும் தடவியிருப்பீர்கள். ள சொல்லும்போது நுனி பின்னே மடிந்து அடிப்பக்கத்தால் தொடும். அங்கேயும் தடவ வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் வாய் கொப்பளித்துப் புதிதாகத் தடவுங்கள். அதைச் சோம்பி விட்டால் பழைய கறையைத்தான் பார்ப்பீர்கள்.

ழ வரவைக்க. 'அ...' என்று நிறுத்தாமல் இழுக்கச் சொல்லுங்கள். அந்த இழுப்பிலேயே நாக்கு நுனியை மெல்ல மேலே தூக்கிப் பின்னுக்கு வளைக்கட்டும். ஓரங்கள் கடைவாய்ப் பற்களில் சாயலாம், நுனி எதையும் தொடக் கூடாது. நுனி தொட்டால் 'அள்'. நுனி தூங்கி நடுநாக்கு எழுந்தால் 'அய்'. இப்படிச் சொல்பவர்களும் உண்டு. சரியாக வந்ததும் 'ஆழம்', பிறகு 'பழம்'. 'வாழைப்பழம்' கடைசிதான். அதை முதலிலேயே கொடுத்தால் பழைய பழக்கமே வெல்லும்.

மூக்குவழி மூடுகிறதா என்று பார்க்கக் குளிர்ந்த கண்ணாடி போதும். மூக்குத் துவாரங்களுக்குக் கீழே கிடையாகப் பிடித்து 'அப்பா' என்றால் 'ப்ப' வரும்போது ஆவி படியாது, 'அம்மா' என்றால் படியும். பிள்ளை பேசத் தொடங்கியபின் வைத்து, மூச்சு விடுமுன் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வெறும் மூச்சே படிந்துவிடும். 'அம்மா' படியாவிட்டால் பெரும்பாலும் தடிமன் (சளி). 'அப்பா' ஒவ்வொரு தடவையும் நன்றாகப் படிந்தால் மெல்லண்ணம் (அண்ணத்தின் பின்பக்க மென்பகுதி) மூக்குவழியைச் சரியாக அடைக்காமல் இருக்கலாம். அதை வீட்டுப் பயிற்சியோடு விட்டுவிடக் கூடாது, வைத்தியசாலையின் பேச்சுச் சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போக வேண்டும்.