சவரக்கத்திக்கு வீட்லயே சாணை பிடிக்கிறது எப்படி

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், அருவாமனைக்கு சாணை புடிக்க சைக்கிள்ல வர்றவர்கிட்ட சவரக்கத்திய குடுத்துடாதீங்க. நான் குடுத்தேன். தாத்தாவோட கத்தி, ஜெர்மனி சோலிங்கன் சரக்கு, சக்கரத்துல வெச்சதும் பொறி பறந்துச்சு, திரும்பி வரும்போது வாய்ல, அதாவது வெட்டுற கூர் ஓரத்துல, அரை இஞ்சுக்கு நீலம் பாஞ்சிருந்துச்சு. சூட்டுல நீலமாயிட்டா இரும்போட பதம் போச்சுன்னு அர்த்தம், அப்புறம் எவ்ளோ தீட்டுனாலும் கூர் நிக்காது. அவர் மேல தப்பில்லீங்க, அது வேற வேலை இது வேற வேலை. இப்ப சலூன்லயும் பிளேட பாதியா ஒடச்சு மாட்டுற கத்திதான், அதனால கேட்டுக்கவும் ஆளில்ல, நாமளே கத்துக்க வேண்டியதுதான்.

கல்லு மூணு போதும்: 1000, 4000, 8000 (நம்பர் ஏற ஏற கல்லு நைசு). 12000 இருந்தா சொகுசு, மொதல் வருஷத்துக்கு தேவையே இல்ல. கல்லு மட்டமா இருக்கணும், அதான் முக்கியம். கல்லு மேல பென்சில்ல கட்டம் கட்டமா கோடு போடுங்க, ஒரு தடிமனான கண்ணாடி மேல 400 நம்பர் வாட்டர் பேப்பர (தண்ணி விட்டு தேய்க்கிற உப்புத்தாள்) நனைச்சு ஒட்டி கல்ல தேய்ங்க, எல்லா கோடும் அழிஞ்சா மட்டம். புதுக்கல்லுக்கும் இதப் பண்ணுங்க. தண்ணி நல்ல தண்ணியா எடுத்துக்கங்க, எங்க ஏரியா போர் தண்ணில உப்பு திட்டு திட்டா படியுது, அதனால நான் மேட்டூர் தண்ணி புடிச்சு வெச்சுக்குவேன்.

இப்ப கத்தி. சமையல் கத்தி மாதிரி சாய்வு கணக்கெல்லாம் பாக்க வேணாம், முதுகும் வாயும் ரெண்டும் ஒரே நேரத்துல கல்ல தொடணும் அவ்ளோதான், சாய்வ முதுகே பாத்துக்கும். முதுகு தேயக்கூடாதுன்னா கரண்ட் வேலைக்கு சுத்துற டேப்ப ஒரு சுத்து ஒட்டிக்கலாம். வாய் முன்னால போற மாதிரி தள்ளுங்க, கத்தி கல்லோட அகலத்த விட நீளம்ங்கறதால கைப்பிடி பக்கத்துல ஆரம்பிச்சு நுனில முடியற மாதிரி குறுக்கா இழுத்துட்டே போங்க. திருப்பும்போது முதுகு மேல புரட்டணும், வாய் மேல புரட்டுனா அதுவரைக்கும் பண்ணதெல்லாம் போச்சு.

அழுத்தாதீங்க. எல்லாரும் பண்ற தப்பு இதுதான், கூர் வரலன்னதும் கை தானா அழுத்தும். 1000ல கொஞ்சம் கை கனம் இருக்கலாம், 8000க்கு போறப்ப கத்தியோட கனமே போதும்.

பொறுமை வேண்டிய எடம் 1000 கல்லு. வாய் ஓரத்துல மார்க்கர் பேனால கோடு போட்டு நாலு தடவ தள்ளிப் பாருங்க, எங்க மை அழியலயோ அங்க கல்லு படல. இன்னொரு அடையாளம் தண்ணி: கத்திய தள்ளும்போது முன்னால நிக்கிற தண்ணி வாய் முழுக்க ஒரே சீரா கத்தி மேல ஏறும், ஒரு எடத்துல மட்டும் ஏறாம அடியில பூந்து போச்சுன்னா அந்த எடம் இன்னும் மழுங்கல்தான். எனக்கு மொத தடவ இதுக்கே ரெண்டு ஞாயித்துக்கெழம ஆச்சு. 1000லயே கை முடிய தோல ஒட்டி சிரைக்கணும், சிரைக்கலன்னா 4000க்கு போயி ஒரு புண்ணியமும் இல்ல, மேல இருக்கற கல்லெல்லாம் பளபளப்புக்குதான். அதுக்கப்புறம் 4000ல ஒரு முப்பது, 8000ல ஒரு முப்பது, வேலை முடிஞ்சுது.

கடைசில தோல்வார். பழைய பெல்ட்டு கூட ஆகும், ஆனா நெஜத்தோலா இருக்கணும், ரெக்சின் வேணாம். இதுல மட்டும் தலைகீழ், முதுகு முன்னால போகணும் வாய் பின்னால வரணும். வார விறைப்பா புடிச்சு அம்பது தடவ போய்ட்டு வாங்க, வேகம் வேணாம். வேகமா புரட்டித்தான் நான் எங்கப்பா பெல்ட்ட அறுத்தேன், அவர் அதப்பத்தி இன்னும் பேசிட்டிருக்கார்.

மொத சவரம் கன்னத்துல மட்டும் பண்ணுங்க, தாடை கழுத்தெல்லாம் அடுத்த மாசம். முடிஞ்சதும் நல்லா தொடச்சு ஈரம் காஞ்சப்புறம் மடக்குங்க. ஏற்காட்டுல இருக்கற என் மச்சானுக்கு மூட்டத்துல ஒரே வாரத்துல வாய்ல செம்புள்ளி விழுந்துருச்சு, இப்ப தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி வெக்கிறார். தேங்காண்ணெ வேணாம்னேன், அது நாளானா பிசுக்காயிடும். தெனமும் வார்ல இழுத்துட்டு சிரைச்சா மாசக்கணக்குல கல்லு பக்கமே போக வேண்டாம், முடிய வெட்டாம பிடுங்குதுன்னு தோணும்போது 8000ல மட்டும் இருவது தள்ளு, திரும்ப வார்.